முதலில் பிரேக், அப்புறம் பெடல்: தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி சைக்கிள் பழகிய விதம்

இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தரம் 1இல் படிக்கும் ஆறு வயதுச் சிறுமி சைக்கிள் பழகிய விதத்தை இங்கே எழுதுகிறேன். நான் அந்தப் பக்கத்துப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவில் படிப்பிப்பவள். விளையாட்டும் என் பொறுப்புத்தான். தோட்டத்தின் பெயரும் பிள்ளையின் பெயரும் இதில் வேண்டாம். வீட்டில் அவளைக் குட்டி என்று கூப்பிடுவார்கள், அது போதும்.

எழுதத் தோன்றியதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. சமதரையில் சைக்கிள் பழக்கும் வரிசையை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் பிள்ளைக்கு அடிபடும். அங்கே மிதிக்கப் பழக்குவார்கள், பிறகு பிடியை விடுவார்கள், நிறுத்துவது தன்பாட்டில் வந்துவிடும். இங்கே முதலில் நிறுத்தப் பழக வேண்டும், அடுத்தது உருள, கடைசியில்தான் மிதிக்க.

பின்னணி

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு பிள்ளை சைக்கிள் பழக யாரும் திட்டம் போடுவதில்லை. வீட்டில் ஒரு சைக்கிள் நிற்கும், ஒழுங்கை சமமாக இருக்கும், அண்ணன்மார் பின்னால் ஓடி வருவார்கள். பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டே பழகியவர்கள் எத்தனையோ பேர். தோட்டத்தில் அந்த வசதி கிடையாது. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளின் வாசலுக்கு முன்னால் ஒடுக்கமான ஒரு நடை, அதைத் தாண்டினால் படி, படிக்குக் கீழே கான் என்ற வடிகால், கானுக்கு அப்பால் தேயிலை. தாத்தா பாட்டி காலம் தொட்டு நடந்தே போய் வந்த இடம். குட்டியின் லயத்தில் சைக்கிள் ஓட்டத் தெரிந்த பெரியவர் அவளுடைய அப்பா ஒருவர்தான். அவரும் கொழும்பில் கடை வேலைக்குப் போன இடத்தில் பழகியவர். தீபாவளிக்கும் சித்திரைக்கும் வீட்டுக்கு வருவார்.

அப்படி ஒரு தீபாவளிக்கு வந்தபோது 16 அங்குலச் சக்கரம் உள்ள பாவித்த சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தார். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சின்னச் சக்கரங்கள் பூட்டியிருந்தது. குட்டி ஒரு வருடத்துக்கு மேலாக அதை வாசலிலேயே முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தாள். அம்மா காலையில் கொழுந்து பறிக்கப் போனால் மாலையில்தான் வருவார். பிள்ளையையும் மூன்றரை வயதுத் தம்பியையும் பார்த்துக்கொள்வது அம்மாயி, அம்மாவின் அம்மா.

விழுந்த இடமும் காரணமும்

லயத்திலிருந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போகும் கொங்கிரீட் பாதை ஒன்று இருக்கிறது. பெரிய பிள்ளைகள் அதில் ஓடுவதைப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டியும் சைக்கிளோடு இறங்கிவிட்டாள். சைக்கிள் வேகமெடுத்தது. பிரேக்கைப் பிடித்திருக்கிறாள், நிற்கவில்லை. வளைவுக்கு முன்னால் சரிந்து கானுக்குள் போய் விழுந்தாள். முழங்கையிலும் நாடியிலும் (மோவாயிலும்) காயம். எலும்பு தப்பியது.

பிறகு விசாரித்தபோது எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: பிள்ளை பயத்தில் பிரேக் பிடிக்க மறந்துவிட்டது. குட்டி மட்டும், "இல்ல டீச்சர், நா புடிச்சேன், நிக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் சொன்னதை நான் நம்பினேன். சைக்கிளை அதே இடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தோம்.

அந்த இடத்தில் கொங்கிரீட் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கிறது, இரண்டு ஓரமும் மேடு. சைக்கிளை அதன்மேல் நிறுத்தினால் பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் உட்கார்ந்துகொள்கின்றன. நடுவில் உள்ள பின்சக்கரம் குழிக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. கையால் தட்டிவிட்டேன், தரையில் படாமல் சர்ரென்று சுற்றியது. வேலை செய்த ஒரே பிரேக்கும் அந்தப் பின்சக்கரத்தில்தான் இருந்தது. முன் பிரேக்கின் கம்பி எப்போதோ அறுந்துபோயிருந்தது. ஆக, குட்டி பிரேக்கை அழுத்தியதும் பின்சக்கரம் நின்றிருக்கும். அந்தரத்தில் நின்ற சக்கரம் எதைப் பிடிக்கும்? சைக்கிள் பக்கச் சக்கரங்களில் உருண்டுகொண்டே போயிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. மழைத்தண்ணீர் கானுக்கு வடிய வேண்டும் என்று தோட்டத்துப் பாதைகளை ஒரு பக்கம் சரித்துத்தான் போடுவார்கள். இரண்டு சக்கரச் சைக்கிள் என்றால் பாதை சரிந்தாலும் ஓட்டுகிறவர் நிமிர்ந்திருக்கலாம். பக்கச் சக்கரம் பூட்டினால் சைக்கிளும் பாதையோடு சேர்ந்து கான் பக்கம் சாயும், பிள்ளையால் நிமிர்த்த முடியாது. பக்கச் சக்கரம் பாதுகாப்பு என்று நம்பித்தான் பெற்றோர் அதைக் கழற்றாமல் விடுகிறார்கள். வழவழப்பான சமதரையில் அது சரியாக இருக்கலாம். எங்கள் பாதைகளுக்கு அது ஆபத்து என்று அடித்துச் சொல்வேன்.

அதற்குப் பிறகு குட்டி சைக்கிளைத் தொடவில்லை. அது இஸ்தோப்பு (முன்திண்ணை) மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்னு பக்கத்து காம்பராவுல சொல்றாங்க டீச்சர்" என்றார் அம்மாயி. "நா அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனா மறுபடி விழுந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓட இங்க யாரு இருக்கா?"

அவருடைய கேள்வி நியாயமானது. விழாமல் பழக்குவதற்கு வழி சொல்லாமல் அவரிடம் சம்மதம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

சைக்கிளைச் சரிசெய்தது

ஹட்டன் டவுனில் ஒரு சைக்கிள் கடையில் முன் பிரேக்குக்குப் புதுக் கம்பியும் இரண்டு பக்கமும் புது பிரேக் ரப்பரும் போட்டோம். ரப்பர் ரிம்மில் பட வேண்டும், டயரில் உரசக் கூடாது. அடுத்தது பிரேக் பிடி. குட்டியின் விரல்கள் அதை எட்டவே கஷ்டப்பட்டன; நுனி விரலால் இழுத்தால் பலம் ஏறாது. பெரும்பாலான பிடிகளின் உள்பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதை உள்ளே திருகினால் பிடி ஹேண்டிலுக்குக் கிட்ட வரும். பிள்ளைகளின் சைக்கிளில் அதிகம் பேர் கவனிக்காத இடம் இது. இரண்டு விரலால் சுலபமாக இழுக்க முடிகிறதா என்று பிள்ளையின் கையைக் கொண்டே பார்க்க வேண்டும், நம் கையால் பார்த்துப் பிரயோசனமில்லை. இந்தச் சைக்கிளில் இடக்கைப் பிடி பின்சக்கரத்துக்குப் போகிறது, அதில் சிவப்பு நூல் கட்டினேன்.

பக்கச் சக்கரங்களைக் கழற்றினோம். அதோடு பெடல் இரண்டையும் கழற்றினோம். அம்மாயிக்கு இது புரியவில்லை, பெடல் இல்லாமல் என்ன சைக்கிள் என்று கேட்டார். உலகத்தில் முதலில் ஓடிய இரண்டு சக்கர வண்டிக்கே பெடல் கிடையாது. 1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் ஓட்டிக் காட்டிய அந்த வண்டியில் உட்கார்ந்து, காலால் தரையைத் தள்ளித்தான் போனார்கள். பெடல் பூட்டிய வண்டி 1860களில் பிரான்சில்தான் பரவியது. பெடல் இல்லாமலும் இரண்டு சக்கரத்தில் விழாமல் போகலாம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கழற்றுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. வலப்பக்கப் பெடல் மற்ற ஆணிகளைப் போல இடப்புறம் சுற்றினால் கழலும். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ், அதை வலப்புறம் சுற்ற வேண்டும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாதிருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். பல சைக்கிள்களுக்கு 15 நம்பர் ஸ்பேனர் சரியாக இருக்கும். தெரியாமல் பலவந்தமாகத் திருப்பினால் மரை அழிந்து, பெடல் தண்டையே மாற்ற வேண்டி வரும். திரும்பப் பூட்டும்போது முதல் சில சுற்றைக் கையாலேயே சுற்றுங்கள், நேராக ஏறுகிறதா என்று விரலுக்குத் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில சின்னச் சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும், கையில் பிடி இருக்காது. அந்த வகையில் பெடலைக் கழற்றினால் பிரேக்கும் போய்விடும். கைப் பிரேக் இல்லாத சைக்கிளைப் பெடல் கழற்றிச் சரிவில் விடவே கூடாது.

சீட்டை, இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்து முழங்கால் கொஞ்சம் மடங்கும் அளவுக்கு இறக்கினோம். ஹெல்மெட் வாங்க அப்பா பணம் அனுப்பினார். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி, வார்கள் காதுக்குக் கீழே சேர வேண்டும், நாடிக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் போக வேண்டும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைச் சின்னப் பிள்ளைக்குப் போடாதீர்கள், அந்தப் பாரம் கழுத்துக்கு ஆகாது. காலுக்குப் பாட்டாச் செருப்பு வேண்டாம், பாடசாலைச் சப்பாத்து போதும். பாவாடையும் கவுனும் செயினில் சிக்கும், ஆகவே காற்சட்டை.

இடம்

சமதரை தேடி அலைவதுதான் தோட்டத்தில் பெரிய பாடு. காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பிரட்டுக்களம் சமம், ஆனால் சின்னது. ஸ்டோர் முன்னால் லொறி வரும். கடைசியில் மாரியம்மன் கோயில் திடலைப் பார்த்தோம். அது முழுச் சமமில்லை. ஒரு முனையிலிருந்து மெல்லச் சரிந்து, நடுவில் சமமாகி, மறுமுனையில் மானாப்புல் மேடாக ஏறுகிறது. எனக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது. சரிவு தள்ளிவிடும், மேடு நிறுத்திவிடும். பெடல் இல்லாத சைக்கிளுக்கு இப்படி ஒரு மெல்லிய சரிவு சமதரையைவிட மேல். சமதரையில் பிள்ளை காலால் தள்ளித் தள்ளியே களைத்துவிடும், காலைத் தூக்கி உருள அவகாசம் கிடைக்காது.

சரிவின் அளவைப் பார்க்க ஒரு ரப்பர் பந்தை வைத்தேன். பந்து தானாக உருள வேண்டும், ஆனால் பக்கத்தில் நடந்து வருகிறவரை முந்தக் கூடாது. முந்தினால் சரிவு அதிகம், இன்னும் கீழேயிருந்து தொடங்க வேண்டும்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை காலை வேளை காய்ந்திருக்கும். சித்திரை நெருங்கினால் பின்னேரம் இடியோடு மழை, மே மாதம் தென்மேற்குப் பருவம் பிடித்துவிடும். கொங்கிரீட்டில் பாசி ஏறினால் பெரியவர்களுக்கே கால் வழுக்கும். புல்மேட்டில் அட்டையும் ஏறும். ஆகவே தைப்பொங்கல் முடிந்த கையோடு, ஞாயிறு காலைகளில் தொடங்கினோம்.

பிரேக்

முதலில் சைக்கிளில் ஏறச் சொல்லவில்லை. ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடக்கச் சொன்னேன். "நில்" என்றதும் இரண்டு கையாலும் பிரேக் பிடிக்க வேண்டும். தம்பிதான் "நில்" சொல்லும் ஆள். அவன் நினைத்த நேரத்தில் கத்துவான், இவள் பிடிப்பாள். விழப் பயமில்லாத இடத்தில் விரல் பழகுகிறது. சைக்கிளின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் கைக்குத் தெரிந்துவிடுகிறது.

பிறகு திடலின் சமமான நடுப்பகுதியில் உட்கார்ந்து நடந்தாள். தரையில் சோக்கால் ஒரு கோடு போட்டு, காலை ஊன்றாமல் பிரேக்கால் மட்டும் கோட்டில் நிற்கச் சொன்னேன். இதில் நிறைய நேரம் செலவழித்தோம். அவசரப்படுத்த வேண்டாம் என்று எந்தப் பெற்றோருக்கும் சொல்வேன். காலால் நிறுத்தும் பழக்கம் ஊறிவிட்டால் சரிவில் அது உதவாது, சப்பாத்து இழுபடும், கால் பின்னால் போகும், சைக்கிள் முன்னால் போகும்.

சிவப்பு நூல் கட்டிய பிடியை முதலில், அடுத்து மற்றதை மெதுவாக. முன் பிரேக்கைத் திடீரென்று இறுக்கினால் இறக்கத்தில் பிள்ளை ஹேண்டிலுக்கு மேலால் போய்விடும். மழை ஈரத்தில் ரிம் நனைந்திருந்தால் ரப்பர் அதைத் துடைத்துப் பிடிக்கச் சற்று நேரமெடுக்கும். இதைக் காட்டுவதற்காக ஒருமுறை சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கோட்டில் நிற்கச் சொன்னேன். கோட்டைத் தாண்டிப் போய் நின்றாள். "நனஞ்சா முந்தியே புடிக்கணும்" என்று அவளே சொன்னாள்.

உருளுதல்

கோட்டில் நிற்பது உறுதியான பிறகுதான் சரிவுக்குப் போனோம். முதலில் கீழ்ப்பகுதி, பிறகு கொஞ்சம் மேலே. நடை, எட்டி வைத்த நடை, பிறகு இரண்டு காலும் தரையை விட்டு எழும்பிய உருளல்.

ஒரு வருடம் பக்கச் சக்கரத்தில் ஓட்டிய பிள்ளை என்பது இங்கேதான் தெரிந்தது. சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்தால் குட்டி ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பினாள். பக்கச் சக்கரம் பூட்டிய சைக்கிள் திரும்பும்போது உள்பக்கம் சாய முடியாது, பிள்ளை வெளிப்பக்கம் தள்ளப்படும். அந்தப் பழக்கம் உடம்பில் இருக்கிறது. இரண்டு சக்கரத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. எந்தப் பக்கம் விழப் பார்க்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டிலைத் திருப்பினால் சக்கரங்கள் உடம்பின் பாரத்துக்குக் கீழே வந்து தாங்கிக்கொள்ளும்.

இதை ஆறு வயதுப் பிள்ளைக்கு வாயால் விளங்கப்படுத்த முடியாது. அம்மாயியிடம் மட்டக்கம்பு இருந்தது, கொழுந்து எடுக்கும்போது செடிக்கு மேல் வைத்து மட்டம் பார்க்கும் கம்பு. அதை உள்ளங்கையில் நிமிர்த்தி விழாமல் பிடிக்கச் சொன்னேன். கம்பு சாயும் பக்கம் கை தானாக ஓடியது. குட்டி கொஞ்ச நேரம் அதையே விளையாடிக்கொண்டிருந்தாள். "கம்பு போற பக்கம் கை போகுதுல்ல? சைக்கிள் போற பக்கம் ஹேண்டில் போகட்டும்" என்றேன். அதற்குப் பிறகும் உடனே வந்துவிடவில்லை. பழைய பழக்கம் போவதற்குச் சில ஞாயிறுகள் பிடித்தன.

கண் எங்கே பார்க்கிறது என்பதும் முக்கியம். சக்கரத்தைப் பார்த்தால் சைக்கிள் ஆடும். தூரத்தில் கோயில் மணியைப் பார்த்து வரச் சொன்னேன், அதன்பிறகு நேராக வந்தாள்.

பிடிக்கிறவர்களுக்கு ஒன்று. "டீச்சர், புடிச்சுக்கங்க, விட்றாதீங்க" என்று பிள்ளை கெஞ்சும்போது கை தானாக ஹேண்டிலுக்குப் போகும். ஹேண்டிலைப் பிடிக்காதீர்கள். சாய்வைத் திருத்தும் வேலையைப் பிள்ளையிடமிருந்து நாம் பறித்துவிடுகிறோம். சீட்டைப் பிடித்தாலும் அதே கதைதான். ஒரு துவாயை மார்பைச் சுற்றிக் கக்கத்துக்குக் கீழாகக் கொண்டுவந்து, முதுகுப் பக்கம் இரண்டு முனையையும் தளர்வாகப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை விழப் போனால் மட்டும் துவாய் இறுகும். விட்டுவிட்டேனா இல்லையா என்று ஏமாற்றவில்லை. விடுவதற்கு முன் "விடப் போறேன்" என்று சொல்லித்தான் விட்டேன். ஒரு தடவை விழுந்த பிள்ளையிடம் பொய் சொல்லி நம்பிக்கையை வாங்க முடியாது.

பெடல்

திடலின் சரிவு முழுவதையும் காலை ஊன்றாமல் உருண்டு, வளைந்து, கோட்டில் நிற்கத் தெரிந்த பிறகு பெடலைப் பூட்டினோம். சீட்டைக் கொஞ்சம் உயர்த்தி, குதிகால் தரையிலிருந்து எழும்பி நிற்கும் அளவுக்கு வைத்தோம். அதற்கு மேல் வேண்டாம்.

மிதிப்பது சுலபம் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். குட்டி பெடலைப் பாதி சுற்றித் திரும்பப் பின்னால் கொண்டுவந்தாள். ஒடுக்கமான வாசலில் முழுச் சுற்று மிதித்தால் சுவரில் இடிக்கும், அங்கே அரைச் சுற்றே போதுமாக இருந்தது. பின்சக்கரத்தை நான் தரையிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் உட்கார்ந்து காற்றிலேயே மிதித்தாள். மேலே போன கால் முன்னால் தள்ள வேண்டும், கீழே வந்த கால் சும்மா மேலே வர விட வேண்டும். அது பிடிபட்டதும் சரிவில் உருண்டுகொண்டே காலைத் தூக்கிப் பெடலில் வைத்தாள். உருளல் ஏற்கெனவே கைவசம் இருந்ததால் மிதிப்பதை மட்டும் கவனித்தால் போதும்.

நின்ற இடத்திலிருந்து கிளம்புவது அதற்கு அடுத்த பாடம். வலப் பெடலை முன்னால், கடிகாரத்தில் இரண்டு மணி காட்டும் இடத்துக்குக் கொண்டுவந்து வைத்து, அதில் பாரத்தைப் போட்டு ஒரே மிதி. பெடலை அந்த இடத்துக்குக் கொண்டுவரச் சப்பாத்து நுனியால் பின்பக்கமாகச் சுழற்றலாம். ஏற்றத்தைப் பார்த்துக் கிளம்பப் பழக்கவே கூடாது, ஒரு மிதியில் வேகம் கிடைக்காமல் சைக்கிள் சாய்ந்துவிடும். இறக்கத்தைப் பார்த்துத் திருப்பி நிறுத்தித்தான் கிளம்ப வேண்டும்.

சரிவுப் பாதையில் இறங்கி நிற்பதையும் தனியாகப் பழக்கினேன். பிரேக்கை விடாமல், மேட்டுப் பக்கக் காலை ஊன்ற வேண்டும். கான் பக்கம் ஊன்றினால் தரை எட்டாது, பிள்ளையும் சைக்கிளும் சேர்ந்து உள்ளே போவார்கள்.

தம்பி

இவ்வளவு நாளும் "நில்" சொல்லிக்கொண்டிருந்த தம்பி, அக்கா பெடலுக்கு மாறிய பிறகு தனக்கும் பெடல் இல்லாத சைக்கிள் வேண்டும் என்று அழுதான். அடுத்த லயத்தில் ஒரு 12 அங்குலச் சைக்கிள் இரவல் கிடைத்தது, கைப் பிரேக் உள்ளது. அவன் பக்கச் சக்கரத்தில் ஓட்டியதே இல்லை. ஹேண்டிலைத் தப்பான பக்கம் திருப்பும் சிக்கல் அவனிடம் இல்லவே இல்லை. அக்காவைவிடச் சின்னவன், பலமும் குறைவு, ஆனாலும் உருளல் அவளைவிடச் சுருக்காக வந்தது. இரண்டு பிள்ளைகளை வைத்து ஊருக்கே சட்டம் எழுத முடியாதுதான். ஆனால் ஒரே திடலில், ஒரே ஆள் பழக்கி, ஒரே வீட்டுப் பிள்ளைகளில் கண்ட வித்தியாசம் இது. பக்கச் சக்கரம் பிள்ளைக்கு ஒன்றும் கற்றுத் தராததோடு, பிறகு மறக்க வேண்டிய ஒன்றையும் கற்றுத் தருகிறது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

பாதை

மே மழைக்கு முன்பே குட்டி திடலில் தனியாக ஓட்டத் தொடங்கினாள். விழுந்த அந்தக் கொங்கிரீட் பாதைக்கு அம்மாயியும் சேர்ந்து போனோம். அவர் முன்னால் வளைவில் நின்று ஆட்டோ வருகிறதா என்று பார்த்துக்கொண்டார். குட்டி மேலேயிருந்து இறங்கினாள். பிரேக்கை ஒரேயடியாக அழுத்திப் பிடித்துக்கொண்டிராமல், பிடித்து விட்டு, பிடித்து விட்டு வந்தாள். குழிந்த இடத்தில் நிற்கச் சொல்லியிருந்தேன். நின்றாள். மேட்டுப் பக்கக் காலை ஊன்றிக்கொண்டு, "இப்ப நிக்குது டீச்சர்" என்றாள்.

வீட்டில் இப்போது வைத்திருக்கும் விதிகள்: கொழுந்து லொறி ஓடும் நேரத்தில் பாதையில் இறங்கக் கூடாது. வளைவுக்கு அப்பால் தெரியாத இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பாசி பிடித்த பாதையில் ஓட்டவே கூடாது. மெயின் ரோட்டுக்கு இப்போதைக்குப் பேச்சே இல்லை. ஞாயிறுதோறும் ஓட்டுவதற்கு முன் இரண்டு பிரேக்கையும் பிடித்து, சைக்கிளை முன்னால் தள்ளிப் பார்ப்பது அம்மாயியின் வேலை. ஒரு ரப்பர் தேய்ந்திருப்பதைப் போன மாதம் அவர்தான் கண்டுபிடித்தார், டவுனுக்குப் போனபோது மாற்றியாயிற்று. குட்டியின் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கத் தொடங்கினால் 20 அங்குலத்துக்கு மாற வேண்டும். இந்த 16 அங்குலத்தைத் தம்பிக்குக் கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம், பக்கச் சக்கரம் இல்லாமல்.